பேச்சியம்மாள் மகன் ஆகாயத்தில் இருந்த நாட்கள்

நவம்பர் 17, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். மதுரை ஏர்போர்ட் வாசலில் வைத்துச் சொன்னேன். குருநாதன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும், அவன் அம்மா, அதாவது என் அக்கா பேச்சியம்மாள், கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தூரத்தைக் கிலோமீட்டர்ல பாக்காதீங்க, ஒரு ஆபத்துன்னா எத்தனை மணி நேரத்துல வந்து நிப்பான்னு பாருங்க" என்றேன். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து, இவ்வளவு விவரமான மனுஷரை நான் பார்த்ததில்லை என்றார். அக்கா மகள் சங்கரி அப்படி ஒரு போலீஸ்காரரே அங்கே இல்லை என்கிறாள். அவள் அப்போது பாத்ரூம் போயிருந்தாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பெயர் சண்முகையா. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்திருக்கிறேன், கணக்குப் பார்த்தால் பத்தாம் வகுப்புக்குச் சமம். எந்த வண்டி எந்த ஊரை எப்போது தாண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். வண்டி வராவிட்டால் ஏன் வரவில்லை என்பதையும் சொல்லுவேன். அதுதான் பெரிய வேலை.

அக்காவை இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டேன். கையை ஆட்டினார். அதில் இரண்டு விரல் தெரிந்ததா மூன்றா என்று சங்கரிக்கும் எனக்கும் வேனில் சண்டை. நான் ஐந்து என்று வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. கட்டிலில் கிடத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டாள். "குருவுக்குச் சொல்லியாச்சா? அவன் கையால எனக்குப் பால் ஊத்தணும் தம்பி."

எங்கள் பக்கத்தில் உயிர் பிரிகிற நேரத்தில் சொந்தபந்தம் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு சொட்டுப் பால் விடுவார்கள். மகன் விடுகிறது கடைசிப் பால். அது தொண்டையில் இறங்கினால் உயிர் நிம்மதியாகப் போகும், இல்லாவிட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டு இழுத்துக்கொண்டே கிடக்கும் என்பார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குருவைக் கூப்பிட்டேன். கனடாவில் எட்மண்டன் என்ற ஊர். அவனுக்கு அப்போது காலை ஆறரை. கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே பேசினான், சுரண்டுகிற சத்தம் கேட்டது. பேப்பர், ஆபீஸ், அது இது என்று நிறையச் சொன்னான். அதெல்லாம் இங்கே எதற்கு. கடைசியில் "வாரேன் மாமா" என்றான்.

நான் வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, குரு வாரான் என்று சொன்னேன். உள்ளே அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. கூடத்தில் ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்தேன். அக்காவின் துணி காயவில்லை, அயர்ன் பாக்ஸ் வைத்துக் காயவைத்தோம்.

அய்யாத்துரை மச்சான் வந்தார். காலமான எங்கள் அத்தானின், அதாவது அக்கா வீட்டுக்காரரின் தம்பி. தீப்பெட்டி ஆபீஸ் வைத்துக் குச்சியை எண்ணி அடைக்கிறவர், அதனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டார். பையன் எப்போது வருவான், எந்த வழியாக வருவான் என்று குடைந்தார்.

பார்க்க வந்தவர்கள் வாங்கிவந்த சாத்துக்குடி ஒரு கூடை கிடந்தது. பெரிதாக ஒன்றை எடுத்து, பேனாவால் கீழே ஒரு புள்ளி வைத்தேன், இது கோவில்பட்டி. அந்தப் பக்கம் திருப்பி மேலே ஒரு புள்ளி, அது எட்மண்டன். நடுவில் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். நம் பஸ்ஸில் போனால், டீக்கு நிறுத்தாமல், டயர் பஞ்சராகாமல், பத்து நாளுக்கு மேல் ஆகும். கடல் வேறு குறுக்கே இருக்கிறது. விமானத்தில் பறக்கிற நேரம் பத்தொன்பது இருபது மணி. பிராங்பர்ட் என்ற ஊரில் வண்டி மாறணும், அப்புறம் சென்னை, அப்புறம் மதுரை. உட்கார்ந்து கிடக்கிறதையும் சேர்த்தால் ஒன்றேகால் நாள்.

இன்னொன்றையும் சொன்னேன். நேர் வழி என்பது பக்கவாட்டில் கிடையாது. சாத்துக்குடியில் நூலைப் பிடித்துப் பார்த்தால் காம்புக்குப் பக்கமாகத்தான் போகும். அதனால் விமானம் உலகத்தின் உச்சந்தலை வழியாகத்தான் வரும் என்றேன். மச்சான் சாத்துக்குடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான் சிங்கப்பூர் போனபோது பைலட் எனக்கு நேரில் விளக்கியது இது.

"நீ எப்ப மாப்ள சிங்கப்பூர் போன?" என்றார்.

மழை கனத்துவிட்டதால் அந்தப் பேச்சு நின்றுபோனது.

அங்கிருந்து இங்கே வருகிறபோது வழியில் அரை நாள் காணாமல் போய்விடும், அவர்கள் கடிகாரம் நமக்குப் பின்னால் இருக்கிறது. அதையும் சேர்த்து வியாழக்கிழமை விடிய மதுரை என்று கணக்குக் கொடுத்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கிடந்தாள். பிளேனில் அவனுக்குச் சோறு போடுவார்களா என்று கேட்டாள். வாழை இலையில் போடுவார்கள் என்றேன்.

நவம்பர் 19, புதன்

கஞ்சித் தண்ணி இரண்டு கரண்டி குடித்தாள். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

இப்ப எங்க இருக்கான் என்றாள். பனிக்கட்டிக் கடலுக்கு மேலே என்றேன். ஸ்வெட்டர் போட்டிருக்கானா என்றாள். இரண்டு.

நவம்பர் 20, வியாழன்

விடிந்தது. வரவில்லை. பிராங்பர்ட்டில் மூடுபனி. இதை நானே முன்கூட்டி எதிர்பார்த்தேன், கார்த்திகை மாசம் அங்கே அப்படித்தான்.

சங்கரி என்னைக் கொல்லைப்பக்கம் வரச்சொன்னாள். நேற்றைக்கே அண்ணனிடம் பேசிவிட்டாளாம். வேலை விசா முடிந்துபோய்ப் புதிதுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், இந்த நேரத்தில் வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அவன் பெண்டாட்டிக்கு எட்டாவது மாசம். அண்ணன் டிக்கெட்டே போடலை, அண்ணன் வரலை என்றாள். நான் சொன்னேன், கிளம்புகிற அவசரத்தில் ஆட்கள் எதையாவது உளறுவார்கள், என்னிடம் அவன் வாரேன் என்று சொன்னான்.

"வாரேன்னா வச்சிருதேன்னு அர்த்தம் மாமா. போகும்போது யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? பால்காரன் கூடத்தான் தினமும் வாரேன்னு சொல்லிட்டுப் போறான்."

அவளுக்கு விவரம் போதாது. எம்.காம். படித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மாவு தீர்ந்துவிட்டது. அரைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். மில்லில் நிற்கிறபோது பக்கத்தில் நின்றவர் குரு வந்தாச்சா என்று கேட்டார். வந்துக்கிட்டிருக்கான் என்றேன். மில் ஓடுகிற சத்தத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே நின்றால் மிளகாய் நெடியில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

நவம்பர் 21, வெள்ளி

அய்யாத்துரை மச்சான் இன்றைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா அரைக்கண் மூடிக் கிடக்கிறாள், மூச்சு ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் நிற்கிறது. இனி பார்க்கச் சகிக்காது, பாலை ஊற்றிவிடலாம் என்றார்கள். மண்ணைக் கரைத்து ஊற்று, மண்ணாசை இருந்தால் போய்விடும் என்றாள் ஒருத்தி. பொன்னை உரசி ஊற்று என்றாள் இன்னொருத்தி. என் அக்காவுக்கு மண்ணும் கிடையாது, பொன்னும் கிடையாது, எந்த ஆசையைக் கரைப்பது.

நான் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். மகன் வந்துகொண்டிருக்கும்போது மற்றவன் பால் ஊற்றினால் பாவம் என்றேன். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்றார் மச்சான். வடக்கே ஒரு மடத்தில் பெரிய சாமியாரே என்னிடம் சொன்னார் என்றேன்.

"மாப்ள, நாலு நாளாச்சு. இது பிளேனா, உன் கம்பெனி பஸ்ஸா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவருக்கு நான் நடைமுறையைச் சொன்னேன். விமானத்துக்கும் கேட் உண்டு. ரயில்வே கேட் மாதிரியேதான். இவன் விமானம் கேட்டில் நிற்கிறது, எதிரே பெரிய விமானம் ஒன்று வருகிறது, அது தாண்டினால்தான் இதை விடுவார்கள். மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பாயில் போய் உட்கார்ந்துகொண்டு, சரி, நாளைக்குப் பாப்போம் என்றார்.

நவம்பர் 22, சனி

குரு கூப்பிட்டான்.

எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். காலையில் கூப்பிட்டான், அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி. அம்மா காதில் போனை வை மாமா, ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன் என்றான். அழுதிருக்கிறான், மூக்கு அடைத்த குரல். நான் சார்ஜ் இல்லை என்றேன். சங்கரி போனில் வை என்றான். அவள் கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் எனக்கு எதிரே நின்று வெந்நீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

எப்படிக் கொடுப்பேன். ஆகாயத்தில் பறக்கிறவன் எப்படிப் போன் பேசுவான் என்று அக்கா கேட்டால் என்ன சொல்லுவேன். விமானம் கிளம்பியதுமே போனையெல்லாம் அணைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று முதல் நாளே அவளிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். ஏர்ஹோஸ்டஸ் ஒரு பையில் எல்லாப் போனையும் வாங்கிப் பூட்டிவிடுவாள் என்று. அது கொஞ்சம் அதிகப்படிதான். சொல்லுகிறபோது நன்றாக இருந்தது.

சங்கரி வடிகட்டிய வெந்நீரை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அக்கா வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து விமானத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். துருக்கி தாண்டிவிட்டது. கீழே ஆட்டுமந்தை தெரிகிறது. சன்னல் ஓரத்தில் குரு தூங்குகிறான், சட்டைப் பையில் உனக்கு ஒரு மூக்குத்தி வைத்திருக்கிறான். சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவள் மூச்சும் நின்றுவிடுமோ என்று பயம். எனக்குப் பயம் என்று எழுதியதே இல்லை, பேனா அப்படிப் போய்விட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. ஒன்பது மணிவாக்கில் அக்கா கண்ணைத் திறந்தாள். சங்கரி குளிக்கப் போயிருந்தாள், நான் மட்டும்தான். உதட்டை நனைத்துவிட்டேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலில் பிடிமானமே இல்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளைக்குத் தம்பி பிள்ளையை மேலேயே வச்சிருப்ப. காலு வலிக்கும். இறக்கி விடு."

அக்காவுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் அப்படிக் கேட்கிறாள். நான் நினைத்தபோதெல்லாம் இறக்குகிற பொருளா அது. அதற்குத் தனியாக ஆள் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. இதையெல்லாம் அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து கொல்லையில் போய்ப் பல் தேய்த்தேன். காலையில் ஒரு தடவை தேய்த்திருந்தேன்.

நவம்பர் 24, திங்கள்

காலை பத்தரைக்கு நானே குருவைக் கூப்பிட்டேன். நீ இப்போது மதுரையில் இறங்கிவிட்டாய் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. இந்த ஒரு வாரமாக நடந்ததைச் சொன்னேன், அவன் எந்தெந்த ஊருக்கு மேலே பறந்தான் என்பதையும் சொன்னேன்.  போனை வைத்துவிட்டானோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கடைசிக் கடைசியா அம்மாகிட்ட பொய்யா மாமா?"

"பொய்யை நான் சொல்லிக்கிடுதேன். நீ ஊர்ப் பேரை மட்டும் சொல்லு."

எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று கொடுத்தேன். திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. முப்பது வருஷம் நான் எழுதிய சார்ட் அது, அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

கூடத்தில் அய்யாத்துரை மச்சான் இருந்தார், இன்னும் சிலர் இருந்தார்கள். பால் கிண்ணம் தயாராக இருந்தது, அவர் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் யாரையும் பார்க்காமல் அக்காவின் தலையணை மேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். குரு மதுரையில் இறங்கிவிட்டான், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். என் குரல் பஸ் ஸ்டாண்டு மைக்கில் வருகிற மாதிரி இருந்தது.

"அம்மா" என்றான். "எறங்கிட்டேம்மா. கார்ல ஏறிட்டேன்."

அக்காவின் கண் மூடித்தான் இருந்தது. நெற்றியில் மட்டும் ஒரு அசைவு.

குரு பேசினான். திருமங்கலம் வந்துட்டேம்மா என்றான். மழை பெய்திருக்கு, ரோட்டோரமெல்லாம் தண்ணி என்றான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்குப் பேரன் பிறக்கப் போறான், தை மாசம், உங்க அய்யா பேரை வைக்கப் போறேன் என்றான். இதுவும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, விருதுநகர் தாண்டிட்டேன் என்றான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. போனில் மூச்சு மட்டும் வந்தது. அடுத்த ஊர் மறந்துவிட்டதா, அழுகையா, தெரியவில்லை. நான் குனிந்து எடுத்துக்கொடுக்கலாம் என்றால் எனக்கும் வாய் எழவில்லை. 

அக்காவின் உதடு அசைந்தது. நான் காதை வைத்தேன், ஆனால் காதை வைக்காமலே எல்லோருக்கும் கேட்டது.

"சாத்தூர்" என்றாள்.

"ஆமாம்மா, சாத்தூர்" என்றான் குரு. "சாத்தூர் வந்துட்டேன்."

அய்யாத்துரை மச்சான் எழுந்தார். நான் கட்டிலுக்குக் குறுக்கே நகர்ந்தேன். கிண்ணத்தைச் சங்கரி கையில் கொடுத்துவிட்டு, நேராக வாசலுக்குப் போய்க் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். வெளியே ஒருவரும் இல்லை, ஒரு சைக்கிள் நின்றது.

"வாப்பா குரு" என்றார். "செருப்பை வெளியவே விட்டுரு. உங்க அம்மா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கா, உள்ள வா."

உட்கார்ந்திருந்த ஒரு பெண் விலகி வழிவிட்டாள். இன்னொருத்தி சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, ஆளே மெலிஞ்சிட்டானே என்றாள். சங்கரி கட்டிலில் உட்கார்ந்து தேக்கரண்டியில் பாலை எடுத்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். போனில் குரு, "ஊத்துதேம்மா" என்றான்.

பால் இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

நவம்பர் 25, செவ்வாய்

மச்சான்தான் கொள்ளி வைத்தார். நல்ல கூட்டம். ஐயாயிரம் பேர் இருக்கும். சங்கரி எண்பது பேர் என்கிறாள்.

நவம்பர் 26, புதன்

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தேன். சாத்துக்குடி அழுகிவிட்டது, கொட்டினேன்.

நவம்பர் 28, வெள்ளி

குரு இன்று சாயங்காலம் கூப்பிட்டான். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு என்னென்ன செய்கிறோம் என்று கேட்டான், சொன்னேன். அவன் பெண்டாட்டியும் இரண்டு வார்த்தை பேசினாள், தமிழ் நன்றாகத்தான் பேசுகிறாள். அப்புறம் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் கேட்டது.

ஒன்று கேட்கணும் மாமா என்றான். முதல் நாள் போனில் நான் வாரேன் என்றா சொன்னேன் என்று கேட்டான். சங்கரி சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் யோசிக்கிறானாம், ஞாபகம் வரவில்லையாம். போனை வைக்கிறதற்காகச் சொன்னேனா, இல்லை, உண்மையிலேயே வந்துவிடணும் என்று மனசிலிருந்து வந்துவிட்டதா என்று கேட்டான். மனசிலிருந்து வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றான். ஒரு நிமிஷமாவது நான் வரத்தானே நினைச்சிருக்கேன், அப்படித்தானே மாமா என்றான்.

"ஆமாப்பா" என்றேன். "வாரேன்னுதான் சொன்ன. ரெண்டு தடவை சொன்ன. நான் கேட்டேன்லா."

அந்தப் பக்கம் அழுதான். நல்ல அழுகை, அடைத்தது விட்ட மாதிரி. அப்புறம் குளிருது, உள்ளே போறேன் என்றான்.

சங்கரியிடம் சொல்ல முடியாது, மச்சானிடம் சொல்ல முடியாது, அவனிடம் இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு அவன் வரமுடியாது என்பதைத் தெளிவாக, மூன்று தடவை சொன்னான். நான் அம்மா கேட்கிறாளே என்றேன். முடியாது மாமா என்றான். கடைசியில் அவன் சொன்னது "வைக்கேன் மாமா" என்றுதான். வாரேன் என்று அவன் சொல்லவே இல்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, நான்தான் அதைப் போட்டேன்.